பேய்ப்படமும் அச்சச் சுவையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில், மலையும் சமவெளியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தில், போடிநாயக்கனூர் அமைந்துள்ளது. கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் நெடுஞ்சாலை போடிமெட்டு வழியாக மலையிறங்கி இவ்வூரை அடைகிறது. மெட்டுக்கு மேலே ஏலமலைகள் விரிந்து கிடக்கின்றன. மரநிழலில் ஏலச்செடி வளரும் அத்தோட்டங்களுக்கு, அடிவாரத்து ஊர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் சென்று, பொழுது சாயும் வேளையில் திரும்புகின்றனர். அங்கே விளையும் காய் போடிக்கு வந்து விலை கூறப்படுகிறது. ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று இதனைச் சொல்வதில் சொல்லினிமையும் உண்டு, உண்மையும் உண்டு.

இம்மலைச் சரிவில் உழைப்போர் அச்சத்தை ஏட்டில் மட்டும் படித்து அறிந்தவர் அல்லர். கார்காலத்தில் மூடுபனி இறங்கினால், பத்தடிக்கு அப்பால் வருவது மனிதனா விலங்கா என்பது தெரியாது. மழை மிகுந்தால் மண் சரிந்து பாதை அடைபடும். தோட்டத்து வழியில் யானை நிற்கலாம். செடியின் அடியில் பாம்பு கிடக்கலாம். இவ்வாறு பகலெல்லாம் அஞ்சத் தக்கவற்றின் நடுவே உழைப்பவர்கள், இரவில் கூடி அமர்ந்து பேய்க்கதை சொல்லுவதும் கேட்பதும் உண்டு. இன்று அக்கதைகளின் இடத்தைத் திரைப்படம் பெரிதும் பெற்றுவிட்டது. அரங்கிலும் கைப்பேசியிலும் இளைஞர் பேய்ப்படங்களை விரும்பிக் காண்கின்றனர். கண்டபின் அவர்கள் கூறும் தீர்ப்புப் பெரும்பாலும் ஒன்றே. “பயமாக இருந்தது, ஆகவே நல்ல படம்” என்பர், அல்லது, “பயமே தோன்றவில்லை, ஆகவே படம் வீண்” என்பர். இத்தீர்ப்பு முறையானதா? ஒரு பேய்ப்படம் நல்ல படம் ஆவதற்கு, அது நம்மை அச்சுறுத்தியே தீரவேண்டுமா?

அச்சுறுத்தத்தான் வேண்டும் என்பாரது வாதத்தை முதலில் கேட்போம். “நகைச்சுவை நாடகம் நகை விளைக்க வேண்டும். அவலக் கதை கண்ணீர் வருவிக்க வேண்டும். அவ்வாறே பேய்க்கதை அச்சம் விளைக்க வேண்டும். கரிக்காத உப்பும் உறைக்காத மிளகும் எதற்கு உதவும்?” என்று அவர்கள் வினவுவர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒன்றைத் தருவதாகச் சொல்லி அழைத்து, அதனைத் தராமல் அனுப்புவது எத்துறையிலும் முறைகேடே ஆகும். எனினும் இவ்வாதத்தில் ஒரு மயக்கம் உள்ளது. திடுக்கிடுதல் வேறு, அஞ்சுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் மயக்கம் விளைகிறது.

பின்னால் ஒரு கதவு படீரென்று அடித்துக்கொண்டால் நாம் திடுக்கிடுகிறோம். கண் இமைக்கிறது, தோள் சுருங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் இவ்வாறே திடுக்கிடும். இஃது உடலின் இயற்கை. கதவு அடித்துக்கொண்டதனால் அக்கதவைக் கலைஞன் என்று எவரும் புகழ்வதில்லை. பல பேய்ப்படங்கள் செய்யும் வேலை இதற்கு மேற்பட்டதன்று. முதலில் ஒலியைக் குறைத்து நம்மைக் கூர்ந்து நோக்க வைப்பார்கள். பின்பு எதிர்பாராத நொடியில் பேரொலியோடு கோரமான முகம் ஒன்றைத் திரை முழுதும் காட்டுவார்கள். அரங்கம் அலறும். ஆயின், அதே படத்தை இரண்டாம் முறை காணும்போது முகம் வரும் நொடி நமக்கு முன்பே தெரிந்திருக்கும். அலறல் சிரிப்பாக மாறிவிடும். ஒருமுறை மட்டும் பயன்படும் பொருளுக்கு மத்தாப்பு என்று பெயர் இடலாம். இலக்கியம் என்று பெயர் இடலாகாது.

அச்சம் என்பதோ திடுக்கிடுதலினும் ஆழமானது. அறிவோடும் நினைவோடும் கலந்தது. அதனால்தான் தொல்காப்பியர் அதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவ்வெட்டு. அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்றும் அவர் வகுத்துள்ளார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும் போன்றவை. இறை என்பது தம்மை ஆளும் தலைவர். இந்நான்கனுள் பேய் முதலியன ஒரு பகுதியே. ஏனையவை கொடிய விலங்கும், பொருளையும் உயிரையும் கவரும் மனிதரும், ஒறுக்கும் ஆற்றல் பெற்றவரும் ஆவர். மனிதர் எவற்றுக்கெல்லாம் அஞ்சுகின்றனர் என்பதைப் பண்டைத் தமிழர் எவ்வளவு தெளிவாக ஆராய்ந்துள்ளனர், பாருங்கள்!

மெய்ப்பாடு என்பதற்கு உரையாசிரியராகிய இளம்பூரணர் தரும் விளக்கம் நம் வினாவுக்கு நேரே ஒளி தருகிறது. அஞ்சியவனிடத்து நிகழும் அச்சம், மயிர் சிலிர்த்தலும் நடுங்குதலும் வியர்த்தலும் போன்ற உடற்குறிகளால் வெளிப்பட்டு, காண்பவர்க்கு விளங்கும் தன்மையே மெய்ப்பாடு என்பது அவர் கருத்து. இதனை ஊன்றி நோக்குக. காண்பவனும் உடன் நடுங்கவேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. அஞ்சியவனுடைய அச்சம் காண்பவனுக்கு விளங்க வேண்டும் என்பதே அவர் கூறுவது. புலியைக் கண்டு நடுங்குபவனை மறுகரையிலிருந்து காண்பவன் புலிக்கு அஞ்சாமல் இருக்கலாம். ஆயினும் நடுங்குபவன் நெஞ்சில் நிகழ்வதை அவன் உணர்கிறான், உணர்ந்து இரங்குகிறான். கலையின் பயன் இவ்வுணர்வே ஆகும்.

ஆங்கிலப் பெருங்கவிஞராகிய சேக்சுபியர் இயற்றிய ‘மக்பெத்’ நாடகத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. மக்பெத் தன் நண்பனாகிய பாங்கோவை ஆள் ஏவிக் கொல்விக்கிறான். அன்றிரவு நடக்கும் விருந்தில், மாண்டவனுடைய ஆவி வந்து மக்பெத்தின் இருக்கையில் அமர்கிறது. விருந்தினர் எவர் கண்ணுக்கும் அது தெரிவதில்லை. கொன்றவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. அவன் அலறுகிறான், அவையோர் திகைக்கின்றனர். இக்காட்சியை இன்று காண்போர் எவரும் ஆவிக்கு அஞ்சி அரங்கை விட்டு ஓடுவதில்லை. ஆயினும் செய்த தீவினை ஒருவனை எவ்வாறு தொடர்ந்து வந்து அவன் எதிரே அமர்கிறது என்பதைக் காண்கின்றனர். ஆவி அச்சுறுத்தவில்லை என்பதனால் அந்நாடகம் குறைபட்டதா? இல்லை அன்றோ?

நம் காப்பியங்களிலும் பேய்க்கதைகள் உண்டு. ‘மணிமேகலை’யில் சார்ங்கலன் என்னும் சிறுவன் புகார் நகரத்துச் சுடுகாட்டினுள் தனியே புகுந்துவிடுகிறான். அங்கே ஒரு பேய் பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக் களித்து ஆடுவதைக் காண்கிறான். நடுங்கி ஓடிவந்து தாயிடம் கூறி, அவள் எதிரிலேயே உயிர் துறக்கிறான். பேய் வரும் பகுதி இவ்வளவே. இதற்குப் பின்னரே காப்பியத்தின் உயிரான பகுதி தொடங்குகிறது. தாயாகிய கோதமை, தன் உயிரை எடுத்துக்கொண்டு மகன் உயிரைத் திருப்பித் தருமாறு சம்பாபதித் தெய்வத்தை வேண்டுகிறாள். போன உயிரை மீட்டல் எத்தெய்வத்துக்கும் இயலாது என்று அத்தெய்வம் உணர்த்துகிறது. நாம் நூலை மூடியபின் நெஞ்சில் நிற்பது பேயின் ஆட்டமா, தாயின் துயரமா? துயரமே நிற்கிறது. சாத்தனார் அச்சத்தை வாயிலாகக் கொண்டு, நிலையாமை என்னும் உண்மைக்கு நம்மை அழைத்துச் சென்றார்.

பேயைக் கண்டு நகைக்கவும் நம் புலவர்கள் கற்பித்துள்ளனர். சயங்கொண்டார் பாடிய ‘கலிங்கத்துப் பரணி’யில் பேய்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. அவை பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன. முதுபேய் ஒன்று மாயவித்தை காட்ட, இல்லாத குருதியை உண்மை என்று நம்பிப் பேய்கள் பாய்ந்து, ஏமாந்து வெறுவாயை மெல்லுகின்றன. இதனைப் படிப்போர்க்கு நடுக்கம் வருவதில்லை, சிரிப்பே வருகிறது. ஆயினும் போர்க்களத்தில் மாண்டவரைக் கொண்டு அப்பேய்கள் கூழ் அடும் இடத்தை அடையும்போது, அச்சிரிப்பினூடே போரின் கொடுமை நம்மைத் தீண்டுகிறது. அச்சுறுத்தாத பேய்களைக் கொண்ட இந்நூலைத் தமிழுலகம் தலைசிறந்த பரணியாகப் போற்றி வருகிறது.

இனி, ஏலமலைக்கு மிக அருகிலுள்ள சான்று ஒன்றைக் காண்போம். இதே மலைத்தொடரில், போடிக்குத் தெற்கே கூடலூர்ப் பக்கத்து மலைமேல், கண்ணகி கோயில் என்று மக்கள் வழிபடும் மங்கலதேவி கோயில் உள்ளது. சித்திரை முழுமதி நாளில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் அங்கே ஏறிச் செல்கின்றனர். சிலப்பதிகாரத்தின்படி, மதுரையை எரித்தபின் கண்ணகி மலைநாட்டை அடைந்து வேங்கை மரநிழலில் நின்றாள். ஒரு முலை இழந்து, கணவனை இழந்து நின்ற அவளை மலைவாழ் குறவர் கண்டனர். அத்தோற்றம் அவர்கள் மனத்தை நடுங்கச் செய்தது. நடுங்கியவர் என்ன செய்தனர்? கல்லெறிந்து துரத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஓடவும் இல்லை. “நீவிர் யாவிர்?” என்று கேட்டனர். அவள் தன் வரலாற்றைச் சொன்னாள், அவர்கள் கேட்டனர். பின்பு அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடினர். சேரன் செங்குட்டுவன் மலைவளம் காண வந்தபோது, காணிக்கைப் பொருள்களோடு சென்று தாம் கண்ட வியப்பை அவனுக்கு எடுத்துரைத்தனர். அக்காணிக்கைப் பொருள்களுள் ஏலமும் மிளகும் இடம் பெற்றிருந்தன என்பது நினைந்து மகிழத்தக்கது.

மாணவர்களே! இக்குறவர் செய்ததிலேயே நாம் தேடும் அளவுகோல் கிடைக்கிறது. அச்சம் தோன்றும் இடத்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, அஞ்சி விலகி ஓடுதல். மற்றொன்று, அஞ்சியும் நின்று, “நீ யார்? உனக்கு நேர்ந்தது யாது?” என்று கேட்டல். தாழ்ந்த பேய்க்கதை நம்மை முதல் வழியில் விரட்டுகிறது. உயர்ந்த பேய்க்கதை இரண்டாம் வழியில் நிறுத்துகிறது. எத்தனை முறை அலறினோம் என்று எண்ணிப் பார்ப்பதால் படத்தின் தரம் விளங்காது. அலறல் அடங்கியபின் எதனைக் கேட்டோம், எதனை அறிந்தோம் என்பதாலேயே அது விளங்கும்.

இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று திரைப்படங்களை அளந்து பார்ப்போம். 1964ஆம் ஆண்டில், மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. வைக்கம் முகம்மது பஷீர் தம் சிறுகதையை விரித்துத் திரைக்கதையாக எழுதினார், ஏ. வின்சென்ட் இயக்கினார். பேய் உலவுவதாக ஊரார் அஞ்சும் பாழ்வீட்டில் ஓர் எழுத்தாளன் குடியேறுகிறான். பார்கவி என்ற பெண்ணின் ஆவி அவ்வீட்டில் இருப்பதாக ஊரார் கூறுகின்றனர். அவன் ஓடவில்லை. கண்ணுக்குத் தெரியாத அப்பெண்ணோடு, ஒரே வீட்டில் குடியிருக்கும் தோழியிடம் பேசுவதுபோல் அன்போடு பேசத் தொடங்குகிறான். அவள் வரலாற்றைத் தேடி எழுதுகிறான். அவள் தற்கொலை செய்துகொண்டவள் அல்லள், கொலையுண்டவள் என்ற உண்மை வெளிப்படுகிறது. ஊரார் அஞ்சியது இறந்த பெண்ணுக்கு. அஞ்சியிருக்க வேண்டியதோ உயிரோடு நடமாடிய கொலைகாரனுக்கு! இப்படத்தில் நடுக்கம் சிறிது, இரக்கம் பெரிது. ஆறு பத்தாண்டுகள் ஆகியும் அது மறக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டில் ‘நீலவெளிச்சம்’ என்ற பெயரில் அக்கதை மீண்டும் படமாக்கப்பட்டது.

இரண்டாவது, பாசில் இயக்கத்தில் 1993ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’. அதனையே தழுவி, பி. வாசு 2005ஆம் ஆண்டில் தமிழில் ‘சந்திரமுகி’யை இயக்கினார். பழைய மாளிகையில் பூட்டிய அறை. அதனுள் அடைபட்டதாகக் கூறப்படும் நடனமங்கையின் ஆவி. இரவில் சலங்கை ஒலி. அச்சத்துக்கு வேண்டிய அனைத்தும் அங்கே உள்ளன. முடிவிலோ, உலவியது ஆவி அன்று என்பதும், அவ்வீட்டு மருமகளாகிய கங்கை மனநோயால் தன்னையே அந்நடனமங்கையாக எண்ணிக்கொண்டாள் என்பதும் தெரிகின்றன. அவளை நோயாளி என்று உணர்ந்த மனநல மருத்துவன் ஒருவன் அவளைக் காக்க முயல்கிறான். அதுவரை நம்மை நடுங்க வைத்த உருவமே நம் இரக்கத்துக்கு உரியதாகிவிடுகிறது. மலையாளப் படத்தில் கங்கையாக நடித்த சோபனாவுக்கு நாட்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. இப்படங்களில் காட்டப்படும் மருத்துவம் கதைக்காக அமைத்துக்கொண்டது. ஒரே இரவில் ஒரு சூழ்ச்சியால் மனநோய் தீர்ந்துவிடாது. ஆயினும், “இவள் பேய் அல்லள், நோயுற்றவள்” என்ற ஒரு சொல்லை இலட்சக்கணக்கான மக்கள் காதில் அவை போட்டன. எத்தனை அலறல் கூடினாலும் அவ்வொரு சொல்லுக்கு ஈடாகாது.

மூன்றாவது, மிஷ்கின் இயக்கி 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிசாசு’. வீதியில் வண்டி மோதிக் கிடக்கும் பெண்ணை ஓர் இசைக்கலைஞன் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறான். அவள் அவன் கையைப் பற்றியவாறே இறந்துவிடுகிறாள். பின்பு அவளது ஆவி அவன் வீட்டிற்கு வருகிறது. தொடக்கத்தில் அவனும் அஞ்சுகிறான்; நாமும் அஞ்சுகிறோம். ஆனால் அது அவனைக் கெடுக்க வந்ததன்று, காக்க வந்தது என்பது மெல்ல மெல்லத் தெரிகிறது. அவள்மீது மோதிய வண்டியை ஓட்டியவன் அவனே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. அதனை அறிந்திருந்தும் அவ்வாவி அவனிடம் பழி கொள்ளவில்லை. பேய் என்றால் பழிவாங்குவது என்ற பழைய வழக்கை இப்படம் மாற்றி, மன்னிப்பைக் கொண்டு வைத்தது. பாதி வழியில் அச்சம் குறைந்துவிட்டது என்று இதனைக் குறைகூறுவோர் உளர். அச்சம் குறைந்ததனால் அன்றோ அன்பு நுழைய இடம் கிடைத்தது?

இதனைப் பொழுதுபோக்குப் பற்றிய சிறு பேச்சு என்று கருதிவிட வேண்டா. யாரைக் கண்டு அஞ்சவேண்டும் என்று கதைகள் நமக்குச் சொல்லாமல் சொல்லித் தருகின்றன. விரித்த கூந்தலும் வெறித்த பார்வையும் உடைய பெண், தனக்குத்தானே பேசுபவன், உடல் வேறுபட்டவன் ஆகியோரை மீண்டும் மீண்டும் பேயுருவாகக் காட்டும் படங்கள் பல. அவற்றைக் கண்டு பழகிய கண், வீதியில் அத்தகையவரைக் காணும்போதும் பேயையே காணும். நோயை நோய் என்று அறியாத இடத்தில், மருத்துவம் பெறவேண்டியவர்கள் கட்டப்பட்டும் அடிக்கப்பட்டும் துன்புறுகின்றனர்.

இதன் முடிவு எத்துணைக் கொடிது என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அங்கே மனநோயாளர் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலவில்லை. நாடே நடுங்கியது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அந்நிகழ்ச்சியை விசாரித்தது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விலக்குகிறது. சட்டம் சங்கிலியை அறுக்கும். நெஞ்சிலுள்ள தவறான அச்சத்தை அறுப்பது கல்வியும் கலையும் செய்யவேண்டிய பணி. “நீ யார்? உனக்கு நேர்ந்தது யாது?” என்று கேளாத அச்சம், பிறர் கையில் விலங்கு பூட்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

கேட்கும் அச்சம் எத்தகையது என்பதையும் ஏலமலையே நமக்குக் காட்டியுள்ளது. போடிமெட்டுக்கு அப்பாலுள்ள சின்னக்கானல் பகுதியில் அரிக்கொம்பன் என்னும் காட்டியானை உலவியது. அரிசியைத் தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்தமையால் மக்கள் அதற்குப் பெரிதும் அஞ்சினர். 2023 ஏப்ரல் 29ஆம் நாள் கேரள வனத்துறையினர் அதனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டனர். அங்கிருந்து அது மலையிறங்கி, மே 27ஆம் நாள் கம்பம் நகருக்குள்ளேயே புகுந்தது. மக்கள் வீட்டுக்குள் ஒடுங்கினர். ஜூன் 5ஆம் நாள் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பகுதிக்குக் கொண்டுசென்றனர். அதற்கு அஞ்சியோர் பலரே அதன்பொருட்டு இரங்கவும் செய்தனர். “இது ஏன் ஊருக்குள் வந்தது? இதன் காடு எங்கே போயிற்று?” என்று கேட்டனர். யானை உலவிய காடும் புல்வெளியும் குடியிருப்பாகவும் தோட்டமாகவும் மாறிய வரலாறு அக்கேள்வியால் வெளிப்பட்டது. தொல்காப்பியர் சொன்ன நான்கனுள் ஒன்றாகிய விலங்கச்சம், ஒரு மலைநாட்டின் வரலாற்றையே வெளியிட்டது, காண்க.

அச்சமே கூடாது என்பது நம் முடிவன்று. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதலை அறிவுடையார் செயலாக வள்ளுவர் போற்றுகிறார்; தீவினையைத் தீயினும் கொடியதாக எண்ணி அஞ்சுமாறும் அறிவுறுத்துகிறார். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் போடியை அடுத்த குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லும் கோடைக் காற்றும் எவ்வளவு அஞ்சத்தக்கவை என்பதை மலையோரத்தார் அன்று துயரத்தோடு உணர்ந்தனர். பொய்யான பேய்க்கு ஓராயிரம் முறை அலறுபவர், மெய்யான இடரை அறிந்து ஒருமுறையேனும் அஞ்சிக் காத்துக்கொள்ளக் கற்றால் அதுவே பயன்.

அவ்வாறாயின், அச்சம் சிறிதும் இல்லாத பேய்ப்படமும் நல்லதாகுமோ என்று சிலர் கேட்கலாம். இதற்கு ஏலக்காயைக் கொண்டே விடை கூறுவோம். பாயசத்தில் ஏலம் மணக்க வேண்டும். மணம் அறவே இல்லையாயின் சமைத்தவரின் கைம்மறதி என்போம். ஆயினும் பாயசத்தின் உணவுப்பொருள் பாலும் அரிசியும் வெல்லமுமே ஆகும். ஏலம் மிகுதியாக மணக்கிறது என்பதற்காகக் காய்களை மட்டும் அள்ளி எவரும் உண்ணார். பேய்ப்படத்தில் அச்சத்தின் இடம் இதுவே. அது நம்மை அழைக்க வேண்டும். விழிப்போடு அமரச் செய்ய வேண்டும். அழைக்கப்பட்டவர்க்கு இலையில் இடுவதற்கு வேறு பொருள் இருக்க வேண்டும்.

விலை கூறும் இடத்திலும் ஒரு பாடம் உண்டு. பழகிய வணிகர் ஏலக்காயைப் பச்சை நிறம் ஒன்றை மட்டும் நோக்கி வாங்குவதில்லை. காயின் பருமனைப் பார்ப்பர், எடையைப் பார்ப்பர், தோலை உரித்து உள்ளிருக்கும் அரிசியைப் பார்ப்பர், மணத்தை முகர்ந்தறிவர். நிறத்தில் மயங்கி வாங்குபவன் சாயம் ஏற்றிய காய்க்கும் நல்ல விலை கொடுத்து ஏமாறுவான். ஒரு படத்தின் அலறலை மட்டும் கேட்டு அதனை நல்ல படம் என்று கூறுபவனும் இவ்வணிகனை ஒத்தவனே.

ஆதலின் மாணவர்களே, அடுத்த முறை பேய்ப்படம் ஒன்றைக் கண்டால், “பயமாக இருந்ததா?” என்ற வினாவோடு நின்றுவிடாதீர்கள். இப்படம் யாரைக் கண்டு அஞ்சச் சொல்கிறது? அவர் உண்மையில் அஞ்சத் தக்கவரா, இரங்கத் தக்கவரா? பேயாக வந்தவர்க்கு வாழ்நாளில் நேர்ந்த கொடுமை யாது? அதனைச் செய்தவர் யார்? அரங்கை விட்டு வெளிவரும்போது நம் அச்சம் தெளிவாயிற்றா, வெறுப்பாயிற்றா? இவ்வினாக்களைத் தோழரோடு கூடி ஆராயுங்கள். விடை கூறத் துணையாக நிற்கும் படம், உங்களை ஒருமுறையும் அலற வைக்காவிடினும் நல்ல படமே. விடை கூற இயலாத படம், உங்களை நூறுமுறை அலற வைத்தாலும் நல்லதன்று. வேங்கை மரநிழலில் நின்ற உருவத்தைக் கண்டு நடுங்கியும், அருகே சென்று வரலாறு கேட்ட அம்மலைக் குறவரே இதில் நமக்கு ஆசிரியர் ஆவர்.